வெற்றிடத்தில் தேடிய புதையல்

உழைப்பின்றிச் சத்தி பெறவேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. ஆயினும், அவ்வாசை பங்குப் பத்திரமாக விலைபோகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம்.

அது நிலக்கரியின் காலம். பிரித்தானியாவின் மலிவான நிலக்கரி நெடுநாள் நிலைக்காது என 1865இல் பொருளியலறிஞர் ஜெவொன்ஸ் எச்சரித்தார். ஆறாண்டுகள் கழித்து, 1871இல், புல்வர் லிற்றன் 'வருங்கால இனம்' என்ற பொருள்பட ஒரு நாவலை வெளியிட்டார். அதில் பூமிக்கடியில் வாழும் ஓரினம் 'வ்ரில்' என்னும் எங்கும் நிறைந்த சத்தியைக் கைக்கோலொன்றினால் ஆளுகின்றது. அச்சத்தி கைவரப்பெறாத அயலினங்களைக் காட்டுமிராண்டிகள் என இகழ்கின்றது. ஆசிரியரோ 1858-59இல் பிரித்தானியக் குடியேற்ற நாட்டமைச்சராக இருந்தவர்; இலங்கையும் அப்பொழுது அவர் பொறுப்பிலேயே இருந்தது. சுரங்கத் தொழிலாளி தேவைப்படாத உலகமொன்றை அவருடைய வர்க்கம் விரும்பியதில் வியப்பில்லை. ('வ்ரில்' என்ற சொல்லை ஒட்டவைத்தே 'பொவ்ரில்' என்ற மாட்டிறைச்சிச் சாறு பின்னர் சந்தைக்கு வந்தது. கற்பனையும் வாணிகமும் அந்நியரல்லர்.)

நாவலாசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் பிலடெல்பியா நகரத்து ஜோன் கீலி. வெளியெங்கும் பரந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட 'ஈதரி'லிருந்து விசை பெறும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக 1870களில் அவர் அறிவித்தார். கம்பனி பிறந்தது; பங்குகள் விற்கப்பட்டன; செல்வந்த விதவை ஒருவர் ஆண்டுக்கணக்கில் பொருளுதவி செய்தார். இயந்திரம் மட்டும் சந்தைக்கு வரவேயில்லை. விளக்கம் கேட்கப்பட்டபோதெல்லாம் புதிய சொற்களே வந்தன. 1898இல் கீலி மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய ஆய்வுகூடத்தின் தரைக்கடியில் ஏறத்தாழ மூன்று தொன் எடையுள்ள உலோக உருண்டையொன்று கண்டெடுக்கப்பட்டது. அமுக்கிய காற்றைச் சேமிக்கும் கலமே அது என ஆராய்ந்தோர் முடிவுசெய்தனர். ஈதரின் இரகசியம் அவ்வளவே.

கீலியைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால், வெற்றிடத்தில் சத்தி உண்டு என்பதை விஞ்ஞானமே பின்னர் நிறுவியதனால் இக்கதை சிக்கலடைகின்றது. தனிப்பூச்சிய வெப்பநிலையிலும் அதிரும் பொருளின் சத்தி முற்றாக மறைவதில்லை என்ற கருத்து 1911இல் பிளாங்கின் ஆய்வில் தோன்றியது. 1913இல் ஐன்ஸ்டைனும் ஸ்ரேணும் அதை ஆராய்ந்தனர். 1916இல் நேண்ஸ்ற் வெற்றிடமே இத்தகைய சத்தியால் நிறைந்தது என்றார். இதுவே பூச்சியப்புள்ளிச் சத்தி. சாதாரண அமுக்கத்தில் ஈலியம் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாதிருப்பதற்கு அதுவே காரணம். 1948இல் ஒல்லாந்தப் பௌதிகவியலாளர் கசிமிர், வெற்றிடத்தில் மிக நெருங்கி நிற்கும் இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் எனக் கணித்தார்.

அவ்வாறாயின் அச்சத்தியை எடுத்துப் பயன்படுத்தலாகாதா? இவ்வினாவை 1984இல் முறையாக எழுப்பியவர் அமெரிக்கரான றொபேட் போவட். பௌதிகவியலாளராகவும் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளராகவும் விளங்கியவர் அவர். தகடுகள் நெருங்கும்போது மின்சத்தி பெறலாம் என அவர் காட்டினார். கணக்கில் பிழையில்லை. ஆனால், நெருங்கிய தகடுகளை மீண்டும் விலக்குவதற்குப் பெற்ற சத்தி முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டும். தட்டிலிருந்து விழும் கல் ஒருமுறை வேலை செய்யும். அதை மீண்டும் ஏற்றிவைப்பவன் யார்? பூச்சியப்புள்ளிச் சத்தி இயற்கையின் கீழ்த்தளம். நீர்ச்சில்லு சுழல நீர் மேலிருந்து கீழே விழவேண்டும். கீழ்த்தளத்தில் தேங்கிய நீர் எவ்வளவு பெருகியிருந்தாலும் சில்லைச் சுழற்றாது. கசிமிரின் விசையும் ஒரு மைக்குரோன் இடைவெளியில் ஒரு சதுர மீற்றருக்கு நியூற்றனின் ஆயிரத்திலொரு பங்கைச் சற்றே விஞ்சுவது.

இந்த எளிய உண்மை மறைக்கப்படும்போதுதான் கீலியின் வாரிசுகள் தோன்றுகின்றனர். அவர்கள் வாக்களிப்பது மின்சாரத்தை மட்டுமன்று. சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் எவர் கையில் உள்ளன என்ற கேள்வியை எழுப்பாமலே வறுமை நீங்கிவிடும் என்றும் வாக்களிக்கின்றனர். வ்ரிலைக் கையாண்டவர்களே பிறரை இகழ்ந்தனர் என்பதை லிற்றனாவது மறைக்கவில்லை.

கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்த ஆதர் சி. கிளாக், 1986இல் வெளியிட்ட நாவலில் வெற்றிடச் சத்தியால் விண்கலமொன்றைச் செலுத்தினார். 1997இல் வெளிவந்த '3001' என்ற நாவலில், சோவியத் பௌதிகவியலாளர் சகாரொவ் உட்பட நால்வரின் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்துத் தம் விண்கல இயக்கத்துக்குப் பெயரும் சூட்டினார். புனைகதை என்றே அவர் அவற்றை விற்றார். எவருக்கும் பங்குப் பத்திரம் விற்கவில்லை. அதே 1997இல்தான் அமெரிக்காவில் லமொரோ என்பவர் கசிமிரின் விசையை முதன்முறையாக நுட்பமாக அளந்தார். அவ்வளவையைப் பெறுவதற்கு அவருடைய கருவி, ஏனைய கருவிகளைப் போலவே, வெளியிலிருந்து வந்த மின்சாரத்தால் இயங்கிற்று.