கார்ட்டூன் படங்களில் வில்லன் எங்கே போனான்?

1993-ஆம் ஆண்டு நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. பிக்ஸார் என்ற சின்ன கம்பெனியின் ஆட்கள், தாங்கள் எடுத்துக்கொண்டிருந்த முதல் முழுநீளப் படத்தின் பகுதிகளை டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. எடுத்தவர்களுக்கே பிடிக்கவில்லை என்பதுதான் இன்னும் பெரிய சோகம். படவேலை அன்றே நிறுத்தப்பட்டது. அந்தக் கம்பெனியில் இன்றும் அந்த நாளுக்குக் "கறுப்பு வெள்ளி" என்று பெயர்.

அந்தப் படம்தான் "டாய் ஸ்டோரி". கம்ப்யூட்டரிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அதைக் கவிழ்க்கப் பார்த்தது கம்ப்யூட்டர் இல்லை, கதை! ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1937 டிசம்பரில் வந்த "ஸ்நோ ஒயிட்" பற்றி ஆளாளுக்குப் பயந்தார்கள். ஏழெட்டு நிமிடக் கார்ட்டூனுக்கே பழகிய ஜனம் 83 நிமிடம் உட்காருமா? சுமார் 15 லட்சம் டாலர் முதலீடு, அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். "டிஸ்னியின் முட்டாள்தனம்" என்று ஹாலிவுட்டில் கேலி செய்தார்கள். அதனால் வால்ட் டிஸ்னி கதையில் இரக்கமே காட்டவில்லை. குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை வார்ட் கிம்பால் என்ற ஓவியர் மாதக்கணக்கில் வரைந்திருந்தார். நல்ல காட்சிதான். ஆனால் கதை அங்கே நின்றுவிடுகிறது என்று தூக்கிவிட்டார்கள். (பிறகு அடுத்த படத்தில் வெட்டுக்கிளிப் பாத்திரத்தை அவரிடம் கொடுத்து சமாதானம் செய்தார்கள்.)

அந்தப் படத்தின் கதையமைப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும். நாயகி நல்லவள். முதல் காட்சியிலும் நல்லவள், கடைசிக் காட்சியிலும் நல்லவள். அவள் மாறவே வேண்டாம். தீமை முழுவதும் வெளியே, ராணியின் உருவத்தில் நிற்கிறது. அந்த ராணியையும் யாரும் கையால் கொல்வதில்லை. மின்னல் வெட்டிப் பாறை உடைந்து விழுந்து சாகிறாள். நல்லவர் கையில் ரத்தக்கறை படக்கூடாது! 1991-ல் "பியூட்டி அண்ட் த பீஸ்ட்" வில்லன் காஸ்டன் வரை இந்த விழுந்து சாகிற வழக்கம் தொடர்ந்தது.

"பினோக்கியோ" இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை. 1940-ல் வந்த அந்தப் படத்தில் பொய் சொல்வதும் சேர்க்கை கெட்டுப்போவதும் நாயகனேதான். கதையமைப்பில் அது ஸ்நோ ஒயிட்டைவிட ஒரு படி மேல். ஆனால் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை மூடிவிட, முதல் வெளியீட்டில் போட்ட பணம் வரவில்லை. லாபம் தந்த அமைப்பைத்தானே மறுபடி செய்வார்கள்? சிண்டரெல்லா, ஸ்லீப்பிங் பியூட்டி என்று நல்ல பெண்களும் கெட்ட சீமாட்டிகளும் தொடர்ந்தார்கள்.

1989-ல் "லிட்டில் மெர்மெய்ட்" வந்தபோது ஒரு மாற்றம். மேடை இசை நாடகங்களிலிருந்து வந்த ஹோவர்ட் ஆஷ்மன் என்ற பாடலாசிரியர் ஒரு விதி கொண்டுவந்தார்: படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நாயகி தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிட வேண்டும். அந்த ஆசைதான் கதையை இழுத்துப் போகும். சோதனைக் காட்சியில் அந்தப் பாட்டின்போது ஒரு குழந்தை பாப்கார்னைக் கொட்டிவிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ஸ்டூடியோ தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க், பாட்டு போரடிக்கிறது, வெட்டுங்கள் என்றார். ஆஷ்மன் விடவில்லை, பாட்டு பிழைத்தது. ஏரியல் தன் ஆசைக்காகத் தவறான பேரம் பேசுகிறாள். அந்தத் தவறு அவளுடையது. ஆனாலும் பழியைச் சுமக்க உர்சுலா என்ற சூனியக்காரி தயாராக இருக்கிறாள். ஆஷ்மன் 1991 மார்ச்சில் 40 வயதில் எய்ட்ஸால் இறந்துபோனார். "பியூட்டி அண்ட் த பீஸ்ட்" தியேட்டருக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

இனி கறுப்பு வெள்ளிக்கு வருவோம். குழந்தைப் படமாக இருக்கக் கூடாது, கொஞ்சம் காரமாக எடுங்கள் என்று பிக்ஸாரை நெருக்கியவரும் அதே காட்ஸன்பெர்க்தான். காரம் ஏற ஏற, வுடி என்ற கவ்பாய் பொம்மை மற்ற பொம்மைகளை மட்டம் தட்டும் கொடுமைக்கார முதலாளியாக மாறிவிட்டது. புதிதாக வந்த பஸ் லைட்இயரை வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே தள்ளியது. இப்படிப்பட்டவன் வீடு திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன?

கதையைத் திருத்திக் காட்ட அவகாசம் கேட்டு வாங்கினார்கள். சுலபமான வழி ஒன்று இருந்தது: வுடியை நல்லவனாக்கி, பொறாமையை வேறு பொம்மைக்குக் கொடுத்துவிடலாம். அதாவது ஸ்நோ ஒயிட் வழி. அவர்கள் அதைச் செய்யவில்லை. பொறாமையை வுடியிடமே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வேறு விஷயங்களை வைத்தார்கள். வந்திருக்கும் படத்தில் ஆண்டி என்ற பையன் வுடியோடு விளையாடுவதைத்தான் முதலில் பார்க்கிறோம். பிறகு வுடி கூட்டம் போட்டு, வீடு மாறும்போது யாரும் தொலைந்துபோகாமல் இருக்க ஆளுக்கொரு ஜோடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதன்பிறகுதான் பஸ் வருகிறது, கட்டிலில் இருந்த இடம் போகிறது. ஜன்னல் காட்சியும் மாறியது. மேஜைக்குப் பின்னால் இடுக்கில் தள்ளத்தான் வுடி திட்டம் போடுகிறது, விளக்கு சுழன்று அடித்து பஸ் வெளியே போய்விடுகிறது. கெட்ட எண்ணம் இருந்தது, ஆனால் இவ்வளவுக்கு இல்லை. நம்மில் பலருடைய தவறுகள் இந்த அளவில்தானே இருக்கின்றன!

பொம்மைகளை உடைக்கும் சிட் என்ற பையன் இருக்கிறான். ஆனால் அவன் இல்லாவிட்டாலும் பிரச்சினை வுடியின் மனதில் அப்படியே இருக்கும். 1995 நவம்பர் 22-ல் படம் வெளியானது, ஒரு வாரத்தில் பிக்ஸார் பங்குச் சந்தைக்கு வந்தது. 22 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாள் முடிவில் 39 டாலர். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படமும் இதுதான்.

பிறகு இதுவே ஒரு வாய்ப்பாடாகிவிட்டது: ஒத்துப்போகாத இருவர், தொலைந்துபோதல், சேர்ந்து திரும்புதல். 2003-ல் வந்த "ஃபைண்டிங் நீமோ"வில் தாய் மீன் இறக்கும் காட்சியை முதலில் படம் முழுக்கத் துண்டு துண்டாகப் பின்னோக்கிக் காட்டுவதாகத்தான் இருந்தது. அப்படி வைத்தால் அப்பா மீன் வெறும் தொணதொணப்பு ஆசாமியாகத் தெரிந்தது. காட்சியைப் படத்தின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார்கள், அதே பயம் நியாயமாகத் தெரிந்தது. 2015-ல் "இன்சைட் அவுட்" எடுத்தபோது மகிழ்ச்சியோடு பயத்தை ஜோடி சேர்த்து ரொம்ப நாள் திண்டாடினார்கள். பயத்தை எடுத்துவிட்டுச் சோகத்தை வைத்த பிறகே கதை நகர்ந்தது.

டிஸ்னியும் இந்தப் பக்கம் வந்தது. "ஃப்ரோஸன்" எல்சா முதலில் வில்லியாகத்தான் எழுதப்பட்டாள். அவளுக்காக எழுதிய பாட்டைக் கேட்டபிறகு, இவளை எப்படிக் கெட்டவளாக்குவது என்று கதையையே மாற்றினார்கள். ஆனால் காலியான வில்லன் நாற்காலியில் இளவரசன் ஹான்ஸைக் கடைசி நேரத்தில் உட்கார வைத்ததுதான் உறுத்தல். அடுத்து வந்த "ஜூடோபியா", "கோகோ" படங்களிலும் அதே தந்திரம். சிரித்த முகத்தோடு ஒருவர் உதவி செய்ய வந்தாலே, இவர்தான் என்று குழந்தைகள் சொல்லிவிடுகிறார்கள்.

ஜப்பானில் ஹயாவோ மியாசாகி இந்தச் சுற்று எதுவும் சுற்றாமல் 1988-லேயே "மை நெய்பர் டோட்டோரோ"வை எடுத்துவிட்டார். அதில் வில்லனே இல்லை, நாயகியின் குறையும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வருவது தள்ளிப்போனதும், நான்கு வயது மெய் ஒரு சோளக்கதிரை அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்து வழி தெரியாமல் போகிறாள். ஊரே குளத்தில் தேடுகிறது. கடைசியில் அந்தச் சோளக்கதிர் அம்மாவின் ஜன்னலுக்கு வந்து சேர்கிறது.