பறந்துபோகும் குடியும் இருந்து காக்கும் குடியும்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்ப்பது பெரும்பாலும் அடுக்குத் தேனீ. அதே ஊரில் பழைய வீட்டின் சுவர் ஓட்டையிலும் மூங்கில் பொந்திலும் தானாக வந்து குடியிருப்பது கொசுத்தேனீ. இரண்டும் ஒரே பூவில் உட்காரும். ஓர் இராணி, ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் என்ற அமைப்பும் பொது. ஒன்று கொட்டும், மற்றது கொட்டாது என்பதோடு நாம் ஒப்பீட்டை முடித்துக்கொள்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது மரப்பிசின்.

அடுக்குத் தேனீ பிசினை ஏறக்குறைய தொடுவதே இல்லை. வயிற்றின் அடிப்பக்கத்தில் சுரக்கும் மெழுகே அதன் அடை முழுவதும். கொசுத்தேனீக்கு மெழுகு சுரப்பது வயிற்றின் மேற்பக்கத்தில். அதனோடு பிசினைப் பிசைந்துதான் கூடு கட்டுகிறது. மரத்தில் காயம்பட்ட இடத்தில் கசியும் பிசினைத் தாடையால் கிள்ளி, பின்னங்கால்களில் அப்பிக்கொண்டு திரும்பும். கூட்டைத் திறந்தால் தேன் வைத்த குட்டிச் சட்டிகள், மகரந்தச் சட்டிகள், கொத்தாகப் புழு அறைகள் என எல்லாமே அந்தக் கரும்பழுப்புக் கலவைதான். விரிசல்களையும் அதுவே அடைக்கிறது. வாசலில் ஒரு சிறு குழல் நீண்டிருக்கும். உள்விளிம்பில் காவல் தேனீக்களின் தலைகள் வட்டமாகத் தெரியும். புதுப்பிசின் பூசிய விளிம்பில் விரல் வைத்தால் ஒட்டும், எறும்பு கால் வைத்தால் சிக்கும். ஆஸ்திரேலியக் கொசுத்தேனீ இனம் ஒன்று, கூட்டுக்குள் புகுந்த வண்டை மெழுகு, பிசின், மண் கலந்து பூசி உயிரோடு மூடிவிடுகிறது என்று 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொடுக்கு செய்யவேண்டிய வேலையை இங்கே பிசின் செய்கிறது.

வேலைப் பங்கீட்டில் இரண்டுக்கும் வயதுதான் அடிப்படை: இளையவை கூட்டுக்குள், மூத்தவை வெளியில். ஆனால் பிள்ளை வளர்ப்பில் வழி பிரிகிறது. அடுக்குத் தேனீயின் செவிலிகள் புழு வளரும் நாளெல்லாம் திரும்பத் திரும்ப ஊட்டுகின்றன; ஓர் அறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தேனீக்கள் பிறக்கும். கொசுத்தேனீயோ புழுவுக்கு வேண்டிய உணவு முழுவதையும் முதலிலேயே அறையில் நிரப்பிவிடும். இராணி முட்டையிட்டதும் அறையை மூடினால், பிறகு ஊட்டல் கிடையாது. குஞ்சு வெளிவந்ததும் அந்த அறையைப் பிரித்துவிடும். ஒவ்வொரு முட்டைக்கும் புது அறை என்பதால், செவிலி வேலையில் மிஞ்சியது கட்டுமானத்தில் செலவாகிறது என்றே எனக்குப் படுகிறது.

வேலைப் பங்கீட்டில் பிரேசிலின் ஜத்தாயி என்னும் கொடுக்கில்லாத் தேனீ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் காவல்காரர்கள் உணவு தேடிப் போகிறவற்றைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு எடை கூடியவை. 2012இல் இது வெளியானபோதுதான், தேனீக்களிலும் உடலால் வேறுபட்ட சிப்பாய் உண்டு என்று தெரியவந்தது. கூடுகளைக் கொள்ளையடிக்கும் வேறொரு தேனீ இனத்தை இந்தச் சிப்பாய்கள் வாசலிலேயே பிடித்து மல்லுக்கட்டுகின்றன.

இவ்வளவு காவல் எதற்கு? எறும்போ மெழுகு அந்துப்பூச்சியோ தொல்லை கொடுத்தால் அடுக்குத் தேனீ குடியோடு பறந்துவிடும். பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை நன்றாகத் தெரியும். கொசுத்தேனீ இராணிக்கு முட்டையிடத் தொடங்கியபின் வயிறு பருத்து, பறக்க முடியாமல் போகிறது. இராணியை விட்டுவிட்டுக் குடி ஓட முடியாது. இருக்கும் இடத்தையே கோட்டையாக்க வேண்டும், அதற்குக் கையில் கிடைத்தது பிசின்.

புதுக்குடி அமைப்பதிலும் இந்தக் கட்டாயம் தெரிகிறது. அடுக்குத் தேனீயில் பழைய இராணி கூட்டத்தோடு கிளம்பும், மகள் தாய்வீட்டில் தங்கும். கொசுத்தேனீயில் தாய் இருந்த இடத்திலேயே இருக்க, இளம் இராணிதான் போகிறாள். அதற்கு முன்பே வேலைக்காரிகள் தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் பிசினும் தேனும் நாள்கணக்கில் சுமந்து புது இடத்தைத் தயார்செய்கின்றன. கொசுத்தேனீக் குடியைப் பிரித்து வளர்க்கும் கேரளத்துக்காரர்கள், பழைய வாசல் குழலைப் பெயர்த்துப் புதுப்பெட்டியின் துளையில் ஒட்டிவைப்பார்கள். வெளியே போன தேனீக்கள் அதை அடையாளம் கண்டு உள்ளே வருகின்றன.