கூரையும் வெயிலும்: கெர்லிங் முதல் கோலசிலாங்கூர் வரை தோட்ட வீடுகளின் வரலாறு

வடசிலாங்கூர்த் தோட்டத் தமிழர் தம் குடியிருப்பைப் பற்றிப் பேச வழங்கிய சொற்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஒரு நூற்றாண்டு வரலாறு அவற்றுள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். துரைக்குப் ‘பங்களா’, கிராணிக்கு ‘வீடு’, தொழிலாளிக்கு ‘லயம்’. ஆங்கிலேயர் வரிசையைக் குறித்து ‘லைன்’ என்றதைத் தமிழர் நா தனக்கேற்ப வளைத்துக்கொண்டதே லயம். குதிரை கட்டும் லாயத்தோடு இச்சொல்லை இணைத்துப் பேசுவாரும் உண்டு. சொற்பிறப்பு முறையில் அது பொருந்தாதெனினும், அவ்விணைப்பில் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. கூரை வேய்ந்த ஓலைக்கு ‘அத்தாப்பு’ என்று பெயர். கூரை எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபு அது. பின்னர் வந்தது ‘தகரம்’. இச்சொற்றொகுதியில் நெடுங்காலம் இடம்பெறாத சொல் ஒன்றுண்டு, அது ‘வாடகை’.

இன்று நம் மாணவருட் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். குளிரூட்டி இல்லாத அறையில், காற்றாடி சுழலச் சுழல வியர்த்தபடி பாடம் படிக்கின்றனர். அவ்வெக்கை இயற்கையின் செயல் என்று எண்ணிவிடுவது எளிது. வெயில் இயற்கையினது, ஆயின் வெயிலுக்கும் மனிதனுக்கும் இடையில் நிற்கும் கூரை யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துத் தேர்ந்தது. அக்கணக்கின் வரலாற்றையே இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

கெர்லிங் என்பது உலுசிலாங்கூர் மாவட்டத்தில், கோலகுபு பாருவுக்கும் களும்பாங்கிற்கும் இடையே, தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். மலையிலிருந்து இறங்கும் கெர்லிங் ஆறு சிலாங்கூர் ஆற்றோடு கலக்கிறது. சிலாங்கூர் ஆறு மேற்கே ஓடிக் கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. ஆற்றின் தலைப்பகுதியில் குன்றும் சரிவும். கடைப்பகுதியில் களிமண் சமவெளியும் நிப்பா அடர்ந்த கழிமுகமும். இவ்விரண்டிற்கும் இடையில்தான் இரப்பர்த் தோட்டங்களும், பின்னாளில் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடந்தன.

இவ்வட்டாரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ மூன்றரைப் பாகையில் உள்ளது. மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். ஆண்டின் ஏனைய நாள்களிலும் உச்சியிலிருந்து 27 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே இங்கு வீட்டைச் சுடுவது சுவரைவிடக் கூரையே. காற்றோ மெல்லியது, ஈரப்பதமோ மிகுதி, இரவிலும் வெப்பம் பெரிதும் தணிவதில்லை. இத்தகைய நிலத்தில் வீடு செய்ய வேண்டிய பணிகள் இரண்டே: கூரை சூடேறாமலும், ஏறிய சூடு உள்ளே தங்காமலும் காத்தல், ஒருபுறம் நுழைந்த காற்று மறுபுறம் வெளியேற வழிவிடுதல். மலாய்க்காரர்தம் கிராமத்து வீடு இவ்விரண்டையும் செய்தது. தூண்கள்மேல் உயர்ந்து நின்ற தளம், ஓலைக்கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள், சுற்றிலும் தென்னை. அதற்கு எந்தப் பொறியும் வேண்டியிருக்கவில்லை.

தொடக்ககாலத் தோட்ட லயங்களிலும் இவ்வமைப்பின் சாயல் இருந்தது. பலவற்றில் தூண்களும் இருந்தன; அத்தாப்பும் இருந்தது. நிப்பா ஓலையை மடித்துக் கோத்து அடுக்கடுக்காக வேய்ந்த கூரை, தன் மடிப்புகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதால் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. இடுக்குகள் வழியே மேலெழும் சூடான காற்றை மெல்ல வெளியேற்றவும் செய்யும். அதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. சில ஆண்டுகளில் மக்கிவிடும், ஒழுகும், பூச்சியும் எலியும் குடிபுகும், ஒரு பொறி பட்டால் வரிசை முழுதும் எரிந்துபோகும். நெருக்கமாகக் கட்டிய லயத்தில், ஒவ்வோர் அறையிலும் விறகடுப்பு எரியும்போது, இக்கடைசிக் குறை அற்பமானதன்று.

தகரம் இக்குறைகளைத் தீர்த்தது, வேறொன்றைக் கொண்டுவந்தது. மெல்லிய தகடு வெயிலேறிய சிறிது நேரத்திலேயே சுட்டுக் கிடக்கும். அச்சூட்டைக் கீழே இருப்போர் தலைமேல் இறக்கும். மாற்றுவேலை குறைந்ததால் நன்மை தோட்ட நிருவாகத்திற்கு. வெப்பத்தால் தீமை குடியிருந்தோர்க்கு. தகரத்தின் கீழ் மரப்பலகையாலோ பாயாலோ உட்கூரை ஒன்று அமைத்திருந்தால் இத்தீமை பெரிதும் தணிந்திருக்கும். லயங்களில் அது அரிதாகவே காணப்பட்டது. இதனோடு, முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய லயங்களும் இருந்தன. ஒரே முகட்டின் கீழ் இரு வரிசை அறைகள், நடுவில் பொதுச்சுவர். அத்தகைய அறைக்குப் பின்வாசல் இல்லை. முன்னால் நுழைந்த காற்று முன்னாலேயே திரும்ப வேண்டும். ஒரு சுவருக்கான செலவு மிச்சப்பட்டது.

இங்கு வேலை நேரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். பால்மரத்தின் உள்ளழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும்; வெயிலேற ஏறப் பால் ஓட்டம் குறையும். ஆதலால் இருட்டோடு பெரட்டுக்குப் போய், விடியலில் மரம் வெட்டி, முற்பகலில் பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தொழிலாளி வீடு திரும்பிய நேரம் நண்பகலை ஒட்டியது. அதாவது, தகரக் கூரை மிகக் கடுமையாகக் காய்ந்து கிடக்கும் வேளையில்தான் அவர்தம் ஓய்வு வேளை தொடங்கியது. பெண்களுக்கோ ஓய்வும் இல்லை. அதே வேளையில் அதே கூரையின் கீழ் அடுப்பு மூட்டினர். அலுவலகத்திலோ பள்ளியிலோ பகலைக் கழிப்பவனுக்கு வீட்டின் பகல் வெப்பம் ஒரு பொருட்டன்று. பால்மரம் வெட்டியவர்க்கு அதுவே வாழ்வு. இன்னொன்றும் உண்டு. இரப்பர் மரங்கள் ஆண்டின் முதல் மாதங்களில் இலையுதிர்க்கும். அப்போது தோட்டத்து நிழலும் குறையும், பாலும் குறையும், பாலோடு கூலியும் குறையும். வெயில் உச்சிக்கு வந்த பருவமும் கை வறண்ட பருவமும் ஒன்றாகவே அமைந்தன.

நிழலைப் பற்றி ஒரு செய்தியை விரித்துரைத்தல் தகும். பாடநூல்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், கிள்ளானிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் சதுப்புகளை வடித்துக் காட்டை அழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. அங்கு நிழலை அகற்றினால் கொசு ஒழிந்தது. அதே முறையை மலையடிவாரத் தோட்டங்களில் கையாண்டபோது நேர்மாறான விளைவே ஏற்பட்டது. அங்கு நோய் பரப்பியது வேறு கொசு. வெயில்படும் தெளிந்த ஓடைநீரே அதற்கு உகந்தது. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் மலேரியா பெருகியது. ஆக, ஒரே சிலாங்கூர் ஆற்றின் கடைப்பகுதியான கோலசிலாங்கூரில் நிழல் நோய்க்குத் துணை. தலைப்பகுதியான கெர்லிங் போன்ற குன்றுப்புறத்தில் ஓடைமேல் விழும் நிழல் நோய்க்குத் தடை. லயங்களை எங்கே கட்டுவது, சுற்றிலும் எவ்வளவு வெட்டவெளி விடுவது என்பனவெல்லாம் இத்தகைய மருத்துவக் கவலைகளோடு பின்னிக் கிடந்தன. நாள்தோறும் பிணம் விழுந்த காலத்தில் வெப்பத்தை யாரும் இரண்டாவதாகத்தான் எண்ணியிருப்பர் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் அறியாமையைக் காரணமாகச் சொல்ல இயலாது. அதே தோட்டத்தில், அதே நிருவாகம் கட்டிய துரை பங்களாவைப் பாருங்கள். மேட்டின்மேல் காற்று வரும் திசை நோக்கி நின்றது, உயர்ந்த முகடு, நாற்புறமும் அகன்ற தாழ்வாரம், எதிரெதிர்க் கதவுகள், சுற்றிலும் பெருமரங்கள். குளிரூட்டிப் பொறியை அமெரிக்கரான வில்லிஸ் கேரியர் 1902-இல் வகுத்தார். அது இந்நாட்டு இல்லங்களை வந்தடைய இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. அப்பொறி இல்லாமலே வீட்டைக் குளிர்ச்சியாகக் கட்டும் கலை பங்களாவில் முழுமையாகக் கையாளப்பட்டது. அது லயத்திற்கு இறங்கி வரவில்லை, அவ்வளவே.

சட்டம் என்ன செய்தது? கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1912-இலும் 1923-இலும் வந்தன. 1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் மலாயாவில் அமர்த்தப்பட்ட இந்திய அரசின் முகவர், ஆண்டறிக்கைகளில் குடியிருப்பைப் பற்றியும் எழுதிவந்தார். நெரிசல், குடிநீர், கழிவு வடிகால், மலேரியா ஆகியவையே அக்காலக் கண்காணிப்பின் கவலைகள். இவற்றால் உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றன்று. ஆனால் வெப்பம் அளவைக்குள் வரவில்லை. நெருக்கடி காலத்தில், 1948 முதல் 1960 வரை, பாதுகாப்பின் பெயரால் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டபோது, காற்றுக்கு விட்டிருந்த இடைவெளியும் பல இடங்களில் சுருங்கியது. விடுதலைக்குப் பின் 1966-இல் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்த அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1990-இல் அது புதுப்பிக்கப்பட்டது. கட்டடத்தின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இனி, அந்த விடுபட்ட சொல்லுக்கு வருவோம். லயத்திற்கு வாடகை இல்லை. இதனைத் தோட்ட நிருவாகங்கள் சலுகையாகக் கூறின. தொழிலாளரும் அவ்வாறே நம்பினர். நம் கருத்தில் அது சலுகை அன்று. குறைந்த கூலியின் மறுபாதி. வாடகை கொடுப்பவன் கூரை ஒழுகினால் கேட்கலாம்; பிடிக்காவிடில் வேறு வீடு தேடலாம். லயத்தில் இருந்தவர் வாடகைதாரர் அல்லர். வேலை உள்ளவரை தங்க அனுமதி பெற்றவர் மட்டுமே. கூரையைப் பற்றிய முறையீடு வேலையைப் பற்றிய முறையீடாகவே கொள்ளப்படும். ஐம்பது ஆண்டுகள் ஒரே அறையில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டு வளர்த்தவரும், தோட்டம் கைமாறிய நாளில் வெளியேற வேண்டியவராகவே இருந்தார்.

தோட்டங்கள் கைமாறவும் செய்தன. 1950-களில் துண்டாடல், அதனை எதிர்கொள்ளவே 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பின்னர் இரப்பரை நீக்கிச் செம்பனை, அதன்பின் நகராக்கம். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் வட்டாரத்தில் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டிற்காக நெடுங்காலம் போராடினர். அவர்களுக்கென 245 வீடுகள் கட்டும் திட்டம் 2023-இல்தான் உருப்பெற்றது.

வெளியேறியவருட் பலர் சிறு நகர்களின் மலிவு விலை வரிசை வீடுகளுக்கு வாடகைக்கு வந்தனர். அப்போதுதான் ‘வாடகை’ என்னும் சொல்லும், மலாய் வழியே ‘சேவா’ என்பதும் அவர்தம் அன்றாடப் பேச்சில் ஊன்றின. வெப்பத்தின் தன்மையும் அப்போது மாறியது. பலகைச் சுவரும் தகரக் கூரையும் பகல் இரண்டு மணிக்கு உலையாகும். அவை மெல்லியன ஆதலால் இருட்டியதும் விரைந்து ஆறிவிடும். செங்கற் சுவரோ பகலெல்லாம் வெப்பத்தை உட்கொண்டு, இரவில் மெல்ல மெல்ல உமிழும். முன்னும் பின்னும் மட்டுமே திறப்புள்ள வரிசை வீட்டில், நடு அறைக்குக் காற்றுப் போவது அரிது. ‘தோட்டத்தில் இரவு குளிர்ச்சியாக இருந்தது’ என்று தாத்தா பாட்டியர் சொல்வதை வெறும் பழமைப் பற்று என ஒதுக்குதல் கூடாது; சுவரின் இயல்பிலும், சூழ நின்ற மரங்களிலும் அதற்குக் காரணம் உண்டு. பகலைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் மாணவர்கள் கேட்டுப் பார்த்தல் நலம்.

1984-இன் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள், வாழும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் வேண்டும் என்றும், 5 விழுக்காடேனும் காற்று தடையின்றிச் செல்லும் திறப்பு வேண்டும் என்றும் கூறுகின்றன. சன்னலின் பரப்பை அவ்விதி அளக்கிறது. எதிர்ச்சுவரில் மற்றொரு சன்னல் உண்டா என்பதை அது கேட்பதில்லை. கூரையின் கீழ் வெப்பத் தடுப்பு வைத்தால் பயன் குடியிருப்பவர்க்கு, செலவு வீட்டுக்காரர்க்கு. ஆதலால் வீட்டுக்காரர் வைப்பதில்லை. ஓராண்டில் வெளியேறக்கூடியவர் பிறர் கூரைக்குச் செலவிடுவதும் இல்லை. எஞ்சும் வழி குளிரூட்டி ஒன்றே. அதன் மின்கட்டணம் வாடகைதாரர் தலையில் விழுகிறது. அது வெளியே தள்ளும் வெப்பம் அடுத்த வீட்டுச் சன்னலுக்குப் போகிறது. தகரத்தைத் தேர்ந்த பழைய கணக்குக்கும் இதற்கும் வடிவில் பெரிய வேற்றுமை இல்லை.

லயங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. எஞ்சியவற்றுட் சிலவற்றில் இன்று இந்தோனேசியத் தொழிலாளரும் வங்கதேசத் தொழிலாளரும் தங்கியுள்ளனர். 1990-இன் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020-இல் தோட்டத்துறைக்கு அப்பாலும் விரிந்தது; தங்குவிடுதியில் ஒருவர்க்கு எத்தனை சதுர மீட்டர் உறங்குமிடம் வேண்டும் என்பதும் விதியாக்கப்பட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு அவ்விடத்தில் வெப்பம் எத்தனை பாகை என்பதை அளப்பதற்கு, நம் பள்ளி அறிவியல் கூடத்திலுள்ள வெப்பமானி ஒன்றே போதும்.