தட்டுகிற விரல்கள், தட்டுப்படாத வரலாறு

புருவத்தின் ஓரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, மோவாய், காறையெலும்பு, அக்குளுக்குக் கீழே. இரண்டு விரல்களால் லேசாகத் தட்டிக்கொண்டே, மனசை அழுத்துகிற விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயமும் பதற்றமும் தணியும் என்கிறார்கள். ‘இதென்ன கூத்து’ என்று சிரித்துவிட்டுப் போகலாம். ‘ஆயிரமாயிரம் வருஷத்துக் கீழை ஞானம்’ என்று கும்பிடவும் செய்யலாம். இரண்டுமே வரலாற்றைப் பார்க்காமல் தப்பிக்கிற வழிகள்தாம்.

அந்தக் கீழை ஞானம் சீனத்திலேயே அறுபடாமல் வந்ததல்ல. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்க்சரை நீக்கினார். 1929இல் கோமிண்டாங் அரசின் சுகாதாரக் குழு பழைய மருத்துவத்தையே ஒழித்துக்கட்டத் தீர்மானம் போட்டது. வைத்தியர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1949க்குப் பிறகு, டாக்டர்கள் குறைவு, கிராமங்களோ ஏராளம் என்ற நெருக்கடியில் மாவோவின் அரசு அதைத் தூசிதட்டி, தொகுத்து, பாடமாக்கியது. மரபு என்று இன்று நாம் கைநீட்டிக் காட்டுவதில் பெரும்பகுதி, நவீன அரசு ஒன்று தன் தேவைக்காகக் கட்டியெழுப்பிய மரபு.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு கதைகள். முதல் கதை நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸில். 1970 நவம்பரில் யங் லார்ட்ஸ், பிளாக் பாந்தர் தோழர்களும் போதைக்கு அடிமையாகியிருந்தவர்களும் லிங்கன் மருத்துவமனையில் இடம்பிடித்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். ஹெராயினுக்குப் பதில் மெத்தடோன் என்பது ஒரு விலங்கைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதுதானே என்று கேட்டார்கள். அக்குபங்க்சர் கற்றுக்கொண்டார்கள். சிகிச்சையோடு அரசியல் வகுப்பும் நடந்தது: ‘இந்தத் தெருவுக்குள் ஹெராயின் எப்படி வந்தது?’ 1978இல் போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றியது. ஊசி தங்கிவிட்டது, கேள்வி போய்விட்டது. 1989இல் மயாமியில் தொடங்கிய போதை நீதிமன்றத்தின் சிகிச்சைத் திட்டத்தில் அக்குபங்க்சரும் இருந்தது. கலகக்காரர்களின் கருவி நீதிமன்றத்தின் கைக்குப் போன தூரம் இவ்வளவுதான்.

இரண்டாவது கதை கலிபோர்னியாவில். 1980 வாக்கில் ரோஜர் கல்லஹன் என்ற உளவியலாளர், தண்ணீரைக் கண்டு நடுங்கிய ஒரு பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னார், பயம் பறந்தோடியது. இது அவரே சொன்ன கதை. அதன் உயர்மட்டப் பயிற்சிக்கு 1,00,000 டாலர், கூடவே ரகசிய ஒப்பந்தம். அவரிடம் கற்ற பொறியியலாளர் கேரி கிரெய்க் 1990களில் அதைச் சுருக்கி, எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே தட்டு வரிசையாக்கி, கையேட்டை இலவசமாகவே பரப்பினார்.

வேலை செய்கிறதா? 2003இல் வெளியான ஓர் ஆய்வில் 119 மாணவர்கள். ஒரு குழு ‘சரியான’ புள்ளிகளில் தட்டியது, ஒன்று கையில் வேறெங்கோ, இன்னொன்று பொம்மையின் மேல். மூன்று குழுக்களிலும் பயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. எதுவும் செய்யாத குழுவில் அப்படிக் குறையவில்லை. பதற்றம் தணிகிறது என்று பிற்பாடு பல ஆய்வுகளும் சொல்லின. புள்ளிகளுக்குப் பங்குண்டா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. பயத்தைப் பெயர் சொல்லி அழைப்பதும், உடம்பைத் தொடுவதும், ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பதுமே பாதி மருந்தாக இருக்கலாம்.

அப்படியென்றால் தட்டட்டுமே, காசா பணமா? வழக்கு, லாக்கப், தோல்வி என்று அலைந்து ராத்தூக்கம் கெட்ட தோழருக்கு ஆறுதல் தேவையில்லை என்று சொல்ல நமக்கென்ன உரிமை? நம் இயக்கங்கள் மனசைப் பற்றிப் பேசுவதையே பலவீனம் என்று ஒதுக்கியதால்தான் அந்த இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. ஆனால், ‘இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று தட்டச் சொல்கிற குரல், பயத்தை உண்டாக்கியவன் யார் என்று கேட்பதில்லை. லிங்கன் மையத்தில் ஊசி குத்தியபடியே அதைக் கேட்டார்கள். அந்த எட்டு வருஷத்தைத்தான் நாம் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.