வெண்புள்ளிகளின் சாட்சி – 6

சென்ற வாரம் ஸ்காட்லாந்து மலைநாட்டில், ஒரு சாவு வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். 1822 டிசம்பர். தகப்பனைப் போல நேசித்த உறவினரைப் பார்க்க ஓடி வந்த அகஸ்டஸ் டெஸ்டே, அவரைப் பிணமாகத்தான் கண்டார். இறுதிச் சடங்கில் நாலு பேர் பார்க்க அழக்கூடாதென்று கண்ணீரை அடக்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் கண்ணில் மூட்டம் படர்ந்து, வந்த கடிதங்களை யாராவது படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பதிலையும் பிறர்தான் எழுதினார்கள். வயது 28. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன்.

வைத்தியம் ஏதும் இல்லாமலே பார்வை திரும்பியது. நாட்குறிப்பில் அதையும் எழுதி வைத்தார். 1826இல் மூட்டம் மறுபடி வந்தது, விலகியது. 1827இல் ஃபிளாரன்ஸில் ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரிந்தது. பிறகு கால்கள் தளர்ந்தன. 1848இல் அவர் கண்மூடியபோதும் நோய்க்குப் பெயர் வைக்க ஆளில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ அதை அடையாளம் காட்டினார். மூளையிலும் தண்டுவடத்திலும் இறுகிக் கிடந்த தழும்புத் திட்டுகளையும், உயிரோடிருந்தபோது நோயாளிகள் பட்ட பாட்டையும் பொருத்திப் பார்த்தார். இன்று நாம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்கிறோம். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் காவல் படையே அரித்துவிடுகிற நோய்.

பெயர் கிடைத்தது. டெஸ்டேயின் முதல் மூட்டத்துக்கு விடை கிடைக்கவில்லை. இன்று ஓர் இளைஞர் மருத்துவரிடம் வருகிறார். ஒரு கண் மங்குகிறது, உருட்டினால் வலிக்கிறது, சிவப்புச் சட்டை வெளுத்துத் தெரிகிறது. சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. எழுந்து போகுமுன் அந்த இளைஞர் கேட்கிறார்: "டாக்டர், இது திரும்ப வருமா?" சிலருக்கு வராது, வாழ்நாள் முழுக்க. சிலருக்கு அதுதான் எம்.எஸ்.ஸின் முதல் தட்டல். இருவரும் ஒரே மாதிரிதான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஷார்கோவுக்குத் தழும்பைக் காட்டியது பிணவறை மேசை. உயிருள்ளவரின் மண்டைக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

1981. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை. இயன் யங் குழுவினர் பத்து எம்.எஸ். நோயாளிகளை ஒரு புதிய கருவிக்குள் படுக்க வைத்தார்கள். சி.டி. ஸ்கேன் அவர்களிடம் காட்டிக்கொடுத்தவை 19 திட்டுகள். புதிய கருவி அவற்றுக்கு மேல் இன்னும் 112ஐக் காட்டியது! அதுதான் எம்.ஆர்.ஐ.

லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவர்கள் அந்தக் கருவியிடம் இளைஞரின் கேள்வியைக் கொண்டுபோனார்கள். 1984 முதல், கண்ணிலோ மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ முதன்முறையாக அறிகுறி கண்டவர்களைப் படமெடுத்தார்கள். அறிகுறி ஒன்றே ஒன்று. ஆனால் பலருடைய படத்தில், அந்த அறிகுறிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில், சத்தமில்லாமல் வெண்புள்ளிகள். அவை பழைய காயங்களின் சுவடா, வரப்போகும் நோயின் முன்னறிவிப்பா? காலம்தான் சொல்ல வேண்டும். படங்களைப் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடமல்ல. சராசரி 14 ஆண்டுகள்.

2002இல் கணக்கு வெளிவந்தது. கடைசிவரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள் 71 பேர். முதல் படத்தில் வெண்புள்ளி இருந்த 50 பேரில் 44 பேருக்கு எம்.எஸ். உறுதியானது. படம் சுத்தமாக இருந்த 21 பேரில் நால்வருக்கு மட்டுமே.

சாட்சி சொல்லிவிட்டது, இனித் தீர்ப்பு எழுதலாம் என்கிறீர்களா? பொறுங்கள். புள்ளிகளோடு இருந்தும் தப்பித்தவர்கள் ஆறு பேர். களங்கமில்லாத படத்தை நம்பி வீட்டுக்குப் போய், பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் நால்வர். அந்தப் பத்துப் பேர் விஷயத்தில் படம் தடுமாறிவிட்டது. இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கவில்லை. எம்.ஆர்.ஐ.க்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1942இல், நியூயார்க்கில் எல்வின் காபாட்டின் சோதனைக் குழாயில் இருந்தது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த, தண்ணீர் போலத் தெளிந்த சில சொட்டுகள். தெளிவாகத் தெரிந்த அந்தத் திரவத்துக்குள், இருக்கவேண்டிய அளவை மீறி ஒன்று ஒளிந்திருந்தது...

(தொடரும்)