கடையில் வாங்குவது கீழாநெல்லிதானா? காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ பார்கோடு.. எப்படி வேலை செய்கிறது?

மஞ்சள் காமாலை என்றாலே நம்ம ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது கீழாநெல்லிதான். புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் பக்கம் மழை பெய்தால் போதும், வயல் வரப்பு, கொல்லை எல்லாம் தானாகவே முளைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், அச்சு அசலாக அதேபோல இருக்கும் வேறு செடிகளும் பக்கத்திலேயே முளைக்கும். பறிப்பவர் கவனிக்கவில்லை என்றால் எல்லாம் ஒரே மூட்டையில் சேர்ந்து நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடும். காய்ந்து பொடியான பிறகு கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. இங்குதான் டிஎன்ஏ பார்கோடிங் கைகொடுக்கிறது.

ஆய்வில் சிக்கியது என்ன?

தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லி மாதிரிகளை ஆராய்ந்த முடிவுகள் 2010-ல் வெளியாகின. 76 சதவீத மாதிரிகளில் 'ஃபிலாந்தஸ் அமாரஸ்' எனப்படும் கீழாநெல்லியே கிட்டத்தட்ட முழுவதும் இருந்தது. மீதி 24 சதவீத கடைகளில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு 5 இனங்கள் இருந்தன. நம்மவர்கள் மேலாநெல்லி என்று சொல்லும் செடியும் அதில் ஒன்று. இந்த 6 இனங்களையும் டிஎன்ஏ பார்கோடு தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது.

டிஎன்ஏ பார்கோடிங் என்றால் என்ன?

கடையில் சோப்பு டப்பாவில் இருக்கும் கோடுகளை ஸ்கேன் செய்தால் பொருளின் பெயர் வருகிறது அல்லவா? அதே மாதிரிதான் இதுவும். டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதியை மட்டும் படித்து இனத்தின் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். 2003-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக விஞ்ஞானி பால் ஹெபர்ட் இந்த முறையை முன்வைத்தார்.

எப்படிச் செய்கிறார்கள்?

* இலைத் துண்டு அல்லது பொடியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள்.
* தேவையான பகுதியை மட்டும் பிசிஆர் முறையில் பல மடங்கு பெருக்குவார்கள்.
* அதன் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் வரிசைகளோடு ஒப்பிடுவார்கள்.

செடிகளில் ஏன் கஷ்டம்?

விலங்குகளுக்குப் பயன்படுத்தும் 'சிஓ1' மரபணு, செடிகளில் மிக மெதுவாகவே மாறும். அதனால் நெருங்கிய இனங்களுக்குள் வித்தியாசம் தெரியாது. எனவே பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கலாம் என 2009-ல் சர்வதேச விஞ்ஞானிகள் குழு பரிந்துரைத்தது. ஆனால், அந்தக் குழுவின் சோதனையிலேயே இந்த ஜோடி 72 சதவீத இனங்களைத்தான் பிரித்தது. அதனால் ஐடிஎஸ்2 போன்ற கூடுதல் பகுதிகளையும் பயன்படுத்துகிறார்கள்.

பலா என்ற மூலிகையில் (சைடா கார்டிஃபோலியா) இது உதவியது. ஐடிஎஸ்2 மூலம் 25 சந்தை மாதிரிகளைச் சோதித்து 2015-ல் வெளியான ஆய்வில், ஒன்றுகூட அசல் இல்லை!

இதை மட்டும் மறக்காதீங்க!

பார்கோடு சொல்வது 'இது என்ன செடி' என்பதை மட்டும்தான். மருந்து வேலை செய்யுமா, பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. பொடியாக வாங்குவதைவிட முழுச் செடியாக வாங்கி, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. அதைவிட முக்கியம், கண் மஞ்சளானால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். காமாலைக்குக் காரணம் கிருமியா, பித்தக்கல்லா, வேறு ஏதாவதா என்பது ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும்தான் தெரியும்.