இணையத் தமிழ்

இணையத்தில் தமிழ் எழுத்துகளை உள்ளிடவும் அனுப்பவும் தேடவும் உதவும் நுட்பங்களையும், அவற்றைச் சார்ந்து வளர்ந்த எழுத்துலகையும் இணையத் தமிழ் என்கிறோம். 1990களில் ஆர்வலர் சிலரின் சொந்த முயற்சியாகத் தொடங்கிய இது, இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் எட்டும் பொது வசதி.

தொடக்க காலம்

தொடக்கத்தில் தமிழர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்பிக்கொண்டனர். தமிழ் எழுத்து வேண்டியவர்கள் எழுத்துருவையும் தாங்களே உருவாக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஆகியோர் இதில் முன்னோடிகள். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கென வெளியான இணையதளத்தில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினர்.

குறியேற்றச் சிக்கல்

ஒவ்வொரு எழுத்துருவும், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வரையறுக்கும் குறியேற்றத்தைத் தனக்கெனக் கொண்டிருந்தது. ஒரு தளத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவ வேண்டும்; இல்லையேல் திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். இதைத் தீர்க்க இணைய ஆர்வலர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. தரங்கள் பலவானதால் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை.

ஒருங்குறி

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி எனும் யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எழுத்தைப் பதியும் முறையிலும் அது வேறுபட்டது. திஸ்கியில் ‘கொ’ என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகப் பதிவாகும். யூனிகோடில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் பதிவாகும். விண்டோஸ் போன்ற இயங்குதளங்களே யூனிகோடை ஏற்றதும் தனி எழுத்துருவின் தேவை மறைந்தது. எந்தத் தளத்துத் தமிழையும் தேடுபொறியில் தேட முடிந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005-இல் ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டமும் தொடங்கின. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

கைப்பேசிக் காலம்

2005-இல் சிங்கப்பூரில் வெளியான செல்லினம் என்ற செயலி கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தது. திறன்பேசி பரவியதும், கணினி தெரியாதவர்களும் தமிழில் எழுதத் தொடங்கினர். எழுதுவோர் பெருகினர், எழுதப்படும் இடங்களோ பெருநிறுவனங்களின் செயலிகளாகச் சுருங்கின. அங்கே எதை யார் பார்ப்பது என்பதை நிறுவனத்தின் கணிப்பு முறைகளே முடிவு செய்கின்றன. வாட்ஸ்ஆப் குழுவில் பகிரப்படும் கட்டுரை எந்தத் தேடுபொறிக்கும் அகப்படாது.

மதிப்பீடு

எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது இணையத் தமிழின் பெரும் வெற்றி. பொதுவில் சேர்த்து வைக்கும் பழக்கம் அதே அளவுக்கு வளரவில்லை. செயலிக்குள் எழுதப்படுவது அந்த நிறுவனத்தின் விருப்பம் உள்ளவரைதான் நிற்கும். மதுரைத் திட்டம், விக்கிப்பீடியா, நூலகம் போன்ற திறந்த தொகுப்புகளில் சேர்வதே அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.